செய்து பார்த்துத் திருத்துகிறார்களா? ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் கற்றல் விளைவு மதிப்பீடு

வடிவமைப்புக் கல்லூரிகளில் மார்க்குக்குப் பஞ்சமே கிடையாது. வாராவாரம் கிரிட் (ஆசிரியர் படைப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்வது), நடுவில் பின்-அப் (செய்தவரை சுவரில் மாட்டிக் காட்டுவது), செமஸ்டர் முடிவில் ஜூரி (நடுவர்கள் முன் படைப்பை வைப்பது), கடைசி ஆண்டில் போர்ட்ஃபோலியோ (படைப்புகளின் தொகுப்பு). எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. அப்படியிருந்தும் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அங்கீகாரக் குழு வந்து உட்கார்ந்து, "உங்கள் மாணவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பாதித் துறைகள் திணறிவிடுகின்றன. இங்கே வருவது அப்படித் திணறிய ஒரு கல்லூரியின் கதை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஒரே கல்லூரியில் நடந்ததல்ல. வடிவமைப்புப் படிப்புகளில் கற்றல் விளைவை, அதாவது படிப்பு முடிவில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்ததை, அளக்கப் போகும்போது திரும்பத் திரும்ப நடக்கிறவற்றை ஒரே கல்லூரியில் நடந்ததுபோல் சேர்த்து எழுதியிருக்கிறேன். கல்லூரியைப் பற்றி வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக வைத்தவை. ஆய்வாளர்கள், அமைப்புகள் பெயரோடு வருபவை மட்டும் வெளியே பதிவானவை.

என்ன கேட்டார்கள்

கல்லூரியில் நான்கு படிப்புகள்: கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு, கிராஃபிக் டிசைன், புராடக்ட் டிசைன். போன அங்கீகாரச் சுற்றில் அனுப்பிய அறிக்கையில் ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்ச்சி விழுக்காடு, சராசரி கிரேடு, பக்கத்தில் "விளைவு எட்டப்பட்டது" என்று ஒரு பச்சைக் கட்டம். நாற்பது பக்கமும் பச்சை. திரும்பி வந்த குறிப்பு ஒரே வரிதான்: கிரேடு கற்றல் விளைவுக்குச் சான்றாகாது.

ஆசிரியர்களுக்குக் கோபம். ராத்திரி பகலாகத் திருத்திப் போட்ட மார்க் சான்றில்லை என்றால் வேறு எதுதான் சான்று? கோபம் நியாயமானதுதான். ஆனால் குறிப்பும் சரிதான். ஸ்டுடியோ என்னும் செய்முறை வகுப்பில் ஒரு மாணவர் 'பி' வாங்குகிறார் என்று வையுங்கள். அந்த எழுத்துக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது? வருகைப் பதிவு, இரண்டு நாள் தாமதத்துக்கு வெட்டியது, குழுப்பணியில் கூட இருந்தவர்களின் உழைப்பு, மாடலின் மெருகு, ஜூரியன்று பேசிய விதம். மிச்சம் கொஞ்சம்தான் யோசனைக்கு. ஒருவர் கை நன்றாக ஓடும், ஆனால் முதல் யோசனையைவிட்டு நகர மாட்டார். இன்னொருவர் பத்து விதமாக யோசிப்பார், கடைசியில் நேரமில்லாமல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு வருவார். இருவருக்கும் 'பி'. அந்த எழுத்தை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தில் எதை மாற்றுவது?

மாணவருக்கு மார்க் போடுவது ஒரு வேலை. படிப்பு தன் வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டுக்கும் மூலப்பொருள் மாணவரின் படைப்புதான். கேள்வி மட்டும் வேறு. இதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவே சில கூட்டங்கள் ஆகிவிட்டன.

ஒரே ஒரு விளைவு

பாடத்திட்டத்தில் பதினான்கு கற்றல் விளைவுகள் எழுதி வைத்திருந்தார்கள். "பயனரின் தேவைகளைப் புரிந்துகொள்வார்", "படைப்பாற்றலுடன் தீர்வு காண்பார்" என்று போகும் பட்டியல். வினைச்சொற்களை ப்ளூம் வகைப்பாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். கற்றலை எளியதிலிருந்து கடினமானது வரை படிகளாக அடுக்கும் வகைப்பாடு அது, பெஞ்சமின் ப்ளூம் தலைமையிலான குழு 1956இல் வகுத்தது. 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தி, 'உருவாக்குதல்' என்பதை உச்சியில் வைத்தார்கள். மற்றப் படிப்புகளுக்கு இந்த ஏணி பொருந்தலாம். வடிவமைப்பில் ஒரு சிக்கல் உண்டு: முதலாண்டு முதல் வாரத்திலேயே மாணவர் எதையாவது உருவாக்கத்தான் செய்கிறார். உச்சிப் படியில் நுழைந்து அங்கேயே நான்கைந்து ஆண்டுகள் இருக்கிறார். அப்புறம் வளர்ச்சியை எதில் பார்ப்பது?

இதற்கு உதவியது ஜான் பிக்ஸும் கெவின் காலிஸும் 1982இல் முன்வைத்த 'சோலோ' வகைப்பாடு. அது வினைச்சொல்லோடு நிற்காமல் பதிலின் கட்டமைப்பைப் பார்க்கிறது. மாணவர் ஒரே ஒரு அம்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா, பல அம்சங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறாரா, அவற்றை ஒன்றோடொன்று கோத்திருக்கிறாரா, கோத்ததை எடுத்துக்கொண்டு புதிய இடத்துக்குப் போகிறாரா என்று படிப்படியாக விரிகிறது. முதலாண்டு மாணவருக்கும் இறுதியாண்டு மாணவருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் தெரியும். இருவரும் நாற்காலி செய்கிறார்கள். ஒருவரின் நாற்காலியில் பொருள், உட்காரும் கோணம், தயாரிப்பு முறை மூன்றும் தனித்தனிப் பக்கங்களில் கிடக்கின்றன. மற்றவரிடம் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறுகின்றன.

பதினான்கையும் அளக்க வேண்டும் என்பது முதல்வரின் விருப்பம். கட்டங்கள் காலியாக இருக்கக் கூடாதே. இந்த வேலையை எடுத்துக்கொண்ட ஆசிரியர் குழு பிடிவாதமாக ஒன்றில் நின்றது: "செய்து பார்த்து, கண்டறிந்ததை வைத்துத் திருத்துவார்." என் கணிப்பில் இந்த முழு வேலையிலும் எடுத்த மிக நல்ல முடிவு இதுதான். பதினான்கை அளந்திருந்தால் இன்னொரு நாற்பது பக்கப் பச்சை அறிக்கை வந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டு ஸ்டுடியோவின் படைப்புகளைப் பார்ப்பது என்று முடிவு. யாருடையதை எடுப்பது? ஆசிரியரிடம் கேட்டால் தங்கக் கட்டிகளைத்தான் கொடுப்பார், அது மனித இயல்பு. அதனால் வகுப்புப் பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்தார்கள். அதோடு தேர்ச்சிக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும் படைப்புகள் சிலவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதி. அமெரிக்காவில் கட்டடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் என்.ஏ.ஏ.பி., உயர்ந்த படைப்புகளோடு இப்படிக் கோட்டில் நிற்கும் படைப்புகளையும் காட்டச் சொல்லிக் கேட்ட காலம் உண்டு. படிப்பின் தரம் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கீழ்க்கோடுதான் சொல்லும். மேலே இருப்பவர் எந்தக் கல்லூரியில் இருந்தாலும் மேலேதான் இருப்பார்.

மருந்துப் பெட்டி

ரூப்ரிக் வேண்டுமே, அதாவது எந்த நிலைக்கு என்ன இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த மதிப்பீட்டு அட்டவணை. அமெரிக்கக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009இல் வெளியிட்ட 'வேல்யூ' ரூப்ரிக்குகளில் படைப்புச் சிந்தனைக்கென்றே ஒன்று இருக்கிறது. நான்கு நிலைகள்: தொடக்க நிலை 1, இடைப்பட்டவை 2, 3, படிப்பை முடிக்கும்போது எதிர்பார்ப்பது 4. அந்த நான்கு நிலைகளை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக எழுதப்பட்டது என்பதால் அதன் வாக்கியங்களில் புரோட்டோடைப்பும் (சோதனை மாடல்) கிடையாது, பயனரும் கிடையாது. தங்கள் வாக்கியங்களைத் தாங்களே எழுதினார்கள். முதல் வரைவில் இருந்த ஒரு வரி: "பயனரின் தேவையைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறார்."

மார்க் போடுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே படைப்பைப் பார்த்து ஒத்துப்போகிறோமா என்று பார்க்கும் கூட்டம் ஒன்று நடந்தது. மேசையில் ஒரு மருந்துப் பெட்டி. விரல்களில் வலு குறைந்த முதியவர்கள் தாங்களே திறந்து மாத்திரை எடுத்துக்கொள்வதற்கானது. போஸ்டர் பளபளவென்று இருந்தது: மாதிரிப் பயனராக (பர்சோனா) வைத்த முதியவர் ஒருவரின் படம், அவரது ஒரு நாள் வரைபடம், நேர்காணலிலிருந்து எடுத்த மேற்கோள்கள், நடுவில் பெட்டியின் ரெண்டர் (கணினியில் உருவாக்கிய படம்). நான்கு ஆசிரியர்கள் பேசாமல் எழுதினார்கள். ஒருவர் 4, இருவர் 3, ஒருவர் 1.

1 போட்டவரைப் பார்த்து எல்லாருக்கும் ஆச்சரியம். "நேர்காணல் இருக்கு, பர்சோனா இருக்கு, எல்லாமே இருக்கே மேடம்?" என்றார் 4 போட்டவர். 1 போட்டவர் ஸ்கெட்ச்புக்கைத் திருப்பிக் காட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் நேர்காணல் குறிப்பு: "ஒரு கையில் பெட்டியைப் பிடித்தால்தான் மறு கையால் மூடியைத் திறக்க முடிகிறது என்கிறார்." அதற்கு முன் எட்டாம் பக்கத்தில் ஒரு மூடி. இறுதி மாடலிலும் அதே மூடி. திறக்க இரண்டு கை வேண்டும். "கேட்டிருக்கார், எழுதியிருக்கார். அதனால என்ன மாறிச்சு, காட்டுங்க" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் 4 போட்டவரே தன் எண்ணை அடித்தார். ஆனால் 3 போட்ட இருவரில் ஒருவர் மாறவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: "ரூப்ரிக்கில் புரிந்துகொண்டாரா என்றுதானே கேட்டிருக்கிறோம்? புரிந்துகொண்டிருக்கிறார். மாற்றினாரா என்று கேட்கவில்லையே." வாக்கியம்தான் தவறு. அன்றே அதை இப்படி மாற்றினார்கள்: "பயனரிடம் அல்லது சோதனையில் கண்டறிந்த ஏதாவது ஒன்றால் வடிவமைப்பு மாறியிருக்கிறது, மாற்றத்தின் முன்னும் பின்னும் காட்டப்பட்டிருக்கிறது." இந்த வரியை வைத்துப் பார்த்தால் போஸ்டரிலிருந்து மார்க் போடவே முடியாது. தடயத்தைத் தேடிப் போயே ஆக வேண்டும்.

பளபளப்பு எவ்வளவு தூரம் கண்ணைக் கட்டுகிறது என்பதும் அன்று தெரிந்தது. எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் இதைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் போட்ட மதிப்புகள் சந்தேகப்படும் அளவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. ஒன்றில் நல்லவர் எல்லாவற்றிலும் நல்லவராகிவிடுகிறார். ஜூரியிலும் அதேதான். ரெண்டர் நன்றாக இருந்தால் ஆராய்ச்சியும் நன்றாக இருந்ததுபோல் தோன்றும். இதற்காக ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள்: மதிப்பிடுபவர் கையில் முதலில் ஸ்கெட்ச்புக்கும் உடைந்த மாடல்களும் போகும். அதற்கு எண் எழுதிய பிறகே போஸ்டர்.

எழுபது விழுக்காடு ஒத்துப்போனால் போதுமா

இருபது படைப்புகளை இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கில் ஒத்துப்போனார்கள். எழுபது விழுக்காடு, பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இருவருமே பதினைந்து படைப்புகளுக்கு 3, ஐந்துக்கு 2 என்றுதான் போட்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு இதே அளவில் எண்களை இறைத்தாலும் ஏறக்குறைய 62.5 விழுக்காடு தானாகவே ஒத்துப்போகும் (0.75 × 0.75, கூட்டல் 0.25 × 0.25). ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த 'கப்பா' அளவு இந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழித்துவிடுகிறது. இங்கே கணக்குப் போட்டால் வருவது 0.2. ஒன்று என்றால் முழு ஒப்புதல், பூஜ்யம் என்றால் எல்லாம் தற்செயல். 0.2 என்பது தற்செயலைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

வடிவமைப்பு ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. எல்லாரும் 3 போடும் பழக்கத்தை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது. 3 என்பது பாதுகாப்பான எண். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ரூப்ரிக் வைத்தாலே நம்பகம் வந்துவிடும் என்பதும் இல்லை. யான்சனும் ஸ்விங்பியும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரூப்ரிக்கால் நம்பகம் கூடலாம், குறிப்பாக அளவுகோல்களைத் தனித்தனியாகப் பிரித்து, அந்தந்தப் பணிக்கென்று எழுதி, கூடவே மாதிரிப் படைப்புகளோ மதிப்பிடுபவர்களுக்குப் பயிற்சியோ இரண்டுமோ இருந்தால் என்று கண்டார்கள். அதன்படி கல்லூரி ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மாதிரிப் படைப்புகளை எடுத்துப் பெயர் நீக்கி ஒரு பெட்டியில் வைத்தது. புதிதாக மதிப்பிட வருபவர் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். ரூப்ரிக்கின் வார்த்தைகளைவிட அந்தப் பெட்டிதான் அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

எண்ணிக்கை சிறியது என்பதையும் மறக்கக் கூடாது. பதினெட்டுப் பேர் வகுப்பில் ஒரே ஒருவர் மேலே போனாலோ கீழே வந்தாலோ ஏறக்குறைய 5.6 விழுக்காடு ஆடிவிடும். "போன ஆண்டு 67, இந்த ஆண்டு 72, முன்னேற்றம்" என்று அறிக்கையில் எழுதுவது வெறும் இரைச்சல். அதனால் விழுக்காட்டை எடுத்துவிட்டு, எந்த நிலையில் எத்தனை பேர், அவர்கள் படைப்பில் எது குறைந்தது என்று எழுத்தில் குறித்தார்கள்.

பணித்தாளைத் திறந்தபோது

முடிவு வந்தது. நான்கு படிப்புகளிலும் பெரும்பாலான படைப்புகள் 1, 2 நிலைகளில். கட்டடக்கலையிலும் புராடக்ட் டிசைனிலும் மோசம், கிராஃபிக் டிசைன் கொஞ்சம் பரவாயில்லை.

முதல் எதிர்வினை எதிர்பார்த்ததுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, ஒரு தடவை செய்ததை மறுபடி தொடமாட்டார்கள். சிலர் மாணவர்கள் தங்கள் யோசனை வளர்ந்த விதத்தைப் பதிவுசெய்யும் செயல்முறைப் புத்தகங்களை எடுத்துக்காட்டி வாதாடினார்கள். உண்மையில் அந்தப் புத்தகங்கள்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. சில புத்தகங்களில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. மூன்றாம் வாரத்து ஸ்கெட்ச் என்று தேதி போட்ட பக்கத்தில், பத்தாம் வாரத்தில்தான் முடிவான நிறம். "நிராகரித்த யோசனைகள்" என்ற தலைப்பில் மூன்று படங்கள், மூன்றும் இறுதி வடிவத்தின் மோசமான நகல்கள். ஜூரிக்கு முந்தைய இரவு உட்கார்ந்து பின்னாலிருந்து முன்னால் வரைந்தவை. ஸ்டுடியோவில் படித்த யாருக்கும் இது புதிதல்ல. பாதி ஆசிரியர்களே மாணவர்களாக இருந்தபோது இதைச் செய்தவர்கள்தான்.

ஏன் இப்படி என்று கேட்கப் போனபோது ஒருவர் மாணவர்களுக்குக் கொடுத்த பணித்தாள்களை, அதாவது பிரீஃப்களை, எடுத்துவரச் சொன்னார். அந்த செமஸ்டரின் எல்லா பிரீஃப்களும் மேசைக்கு வந்தன. அங்கே எழுதியிருந்தது இதுதான். முதல் இரண்டு வாரம் ஆராய்ச்சி. மூன்றாம் வாரம் கான்செப்ட் ஃப்ரீஸ். நான்காம் வாரத்திலிருந்து வரைபடங்கள். பத்தாம் வாரம் மாடல். பதின்மூன்றாம் வாரம் ஜூரி. மூன்றாம் வாரத்தில் யோசனையை உறைய வைத்துவிட்டு, திருத்தவில்லையே என்று கேட்டால் மாணவர் எங்கே போவார்? முதல் முறையாக ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாரம் பத்து. அதற்குள் மாடலுக்கான பொருளை வாங்கி ஆயிற்று. தோல்வியடைந்த மாடலுக்கு மார்க்கே கிடையாது, அதை வைக்க இடமும் கிடையாது. ஸ்டுடியோவைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

கிராஃபிக் டிசைன் ஏன் பரவாயில்லை என்பதும் அப்போது புரிந்தது. அங்கே மாணவர்கள் அதிகம் திருத்துகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களது பிரீஃபில் வாராவாரம் அச்சிட்டுச் சுவரில் மாட்டச் சொல்லியிருந்தார்கள், அதனால் தடயம் மிஞ்சியது.

ஆக, எழுதி வைத்த விளைவு ஒன்று, கொடுத்த பணி வேறு, மார்க் போட்டது இன்னொன்றுக்கு. இந்த மூன்றும் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்பதைத்தான் ஜான் பிக்ஸ் 1996இல் 'கட்டமைவு இசைவு' என்ற கருத்தில் விளக்கினார். ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒவ்வொன்றிலும் சொல்லப்படும் விஷயம் அது. எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்து பழைய பிரீஃபில் தேதியை மட்டும் மாற்றுகிறோம். மாணவர்களை அளக்கப் போன ரூப்ரிக், பணித்தாள் எழுதியவர்களை அளந்துவிட்டுத் திரும்பியது.

மாற்றியவை

கான்செப்ட் ஃப்ரீஸை மூன்றாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குத் தள்ளினார்கள். இரண்டாம் வாரத்திலேயே அட்டையிலோ ஃபோமிலோ ஒரு முரட்டு மாடல், முழு அளவில். ஐந்தாம் வாரம் ஒரு பின்-அப், அதில் ஒரே கேள்வி: போன முறையிலிருந்து எது மாறியது, எதைக் கண்டறிந்ததால் மாறியது? பதில் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உடைந்த மாடலைப் படம் எடுத்து, தேதியோடு பொதுக் கோப்பில் அன்றே ஏற்ற வேண்டும். பின்னாலிருந்து வரைவதற்கு வழியில்லை.

ஐந்தாம் வாரப் பின்-அப்புக்கு எண் கிடையாது, எழுத்துக் குறிப்பு மட்டும். இதற்குப் பின்னால் ரூத் பட்லரின் 1988 ஆய்வு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் மேம்பட்டன. இரண்டையும் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிப்பதில்லை. அது பள்ளியில் நடந்தது, கல்லூரி மாணவரிடம் அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் கிரிட் முடிந்ததும் "சார், எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகும் மாணவரைப் பார்த்த எவருக்கும் இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

ஜூரியிலும் ஒரு மாற்றம். மாணவர் பேசத் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் மௌனம். ஜூரர்கள் செயல்முறையைப் பார்த்து இரண்டு வரி எழுதிவிட வேண்டும். ஒருவர் பேசியதும் மற்றவர்கள் அவர் பின்னால் போவது இதனால் குறைந்தது. வெளியிலிருந்து வந்த ஜூரர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. சபையில் பேசிப் பேசித்தான் படைப்பு விளங்கும் என்பது அவர் கட்சி. பாரிஸின் எகோல் தெ போஸார்ட் காலத்தில் ஜூரி மூடிய கதவுக்குள் நடந்தது, மாணவருக்குத் தீர்ப்பு மட்டும்தான் வரும். அதைத் திறந்து மாணவர் முன்னால் பேசவைத்ததே ஒரு முன்னேற்றம். அதை மறுபடி மௌனமாக்குகிறோமா என்று அவர் கேட்டது அர்த்தமில்லாத கேள்வி அல்ல. பத்து நிமிடம் என்பதே சமரசம்தான்.

மாணவர்களுக்கும் ரூப்ரிக்கைக் கொடுத்தார்கள், கூடவே மாதிரிப் பெட்டியிலிருந்து நான்கு படைப்புகளையும். அவர்களே மதிப்பிட்டுப் பார்த்தார்கள். ராய்ஸ் சாட்லர் 1989இல் சொன்னது இதுதான்: மாணவர் முன்னேற வேண்டுமானால் எந்தத் தரம் எதிர்பார்க்கப்படுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், தன் வேலை அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும், அந்த இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். ஸ்டுடியோக்களில் முதலாவதே பெரும்பாலும் நடப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் வொர்க் பண்ணு" என்பதை வைத்துக்கொண்டு எந்தத் தரத்தைப் புரிந்துகொள்வது?

பக்கவிளைவும் வந்தது. ஒரு செமஸ்டருக்குள்ளேயே சில மாணவர்கள் தோல்வியைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேண்டுமென்றே பலவீனமாக ஒரு மூடி செய்வது, அது உடைவதைப் படம் எடுப்பது, அடுத்த வாரம் உறுதியான மூடியோடு வந்து "கண்டறிந்து திருத்தினேன்" என்பது. எதை அளந்தாலும் அதற்கேற்ற நாடகம் ஒன்று பிறக்கும். ரூப்ரிக்கில் இன்னொரு வரி சேர்த்து இதைத் தடுக்கலாம் என்றார் ஒருவர். அது வேண்டாம் என்றே எனக்குத் தோன்றியது, குழுவும் சேர்க்கவில்லை. ஐந்தாம் வாரம் பக்கத்தில் நின்று "இதை ஏன் இவ்வளவு மெல்லிசா செஞ்சே?" என்று ஆசிரியர் கேட்டால் இரண்டே நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். ரூப்ரிக் செய்ய முடியாததை ஆள் செய்ய வேண்டியதுதான்.

இரண்டிரண்டாக வைத்துப் பார்ப்பது

ரூப்ரிக்கே வேண்டாம் என்று ஒரு கட்சியும் இருந்தது. அவர்கள் முன்வைத்த மாற்று, ஒப்பீட்டுத் தீர்ப்பு. இரண்டு படைப்புகளைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்வது. பலர் பல ஜோடிகளைப் பார்க்கிறார்கள், கணினி அவற்றிலிருந்து ஒரு வரிசையை உருவாக்குகிறது. இதன் கணித அடிப்படையை லூயிஸ் தர்ஸ்டோன் 1927இல் கொடுத்தார். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் ரிச்சர்ட் கிம்பெல் நடத்திய 'ஈ-ஸ்கேப்' திட்டத்தில், பள்ளி மாணவர்களின் வடிவமைப்பு போர்ட்ஃபோலியோக்களை இப்படி மதிப்பிட்டார்கள். நம்பகத்தன்மை மிக உயர்வாகவே வந்தது. தெரேசா அமாபிலி 1982இல் எழுதிய 'ஒருமித்த மதிப்பீட்டு முறை'யும் இதற்கு உறவுதான்: துறை அறிந்தவர்கள் தனித்தனியாக, அளவுகோல் எதுவும் கொடுக்கப்படாமல், படைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிட்டால் படைப்பாற்றல் பற்றி வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறார்கள்.

கல்லூரி இதை ஒருமுறை செய்து பார்த்தது. வேகமாக முடிந்தது, சண்டையும் இல்லை, வந்த வரிசையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வரிசையை வைத்துக்கொண்டு செய்ய எதுவும் இல்லை. பன்னிரண்டாவது படைப்பு பதின்மூன்றாவதைவிட ஏன் மேல் என்று அந்த முறை சொல்லாது. வகுப்பு முழுக்கவே தாழ்ந்திருந்தாலும் வரிசை வந்துவிடும். பரிசு கொடுக்க நல்ல முறை. மாதிரிப் பெட்டியில் எந்தப் படைப்பை எந்த நிலைக்கு வைப்பது என்று முடிவு செய்யவும் நல்லது, இப்போது அதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மற்றவை

மாணவர் கருத்துக்கணிப்பு, பழைய மாணவர்களுக்குக் கேள்வித்தாள், இன்டர்ன்ஷிப் மேற்பார்வையாளரின் படிவம் எல்லாம் வழக்கம்போல் சேர்ந்தன. மறைமுகச் சான்று என்ற தலைப்பில் அறிக்கையில் ஒரு பக்கம். "நான் செய்து பார்த்துத் திருத்துகிறேன்" என்பதற்கு மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே ஆம் என்றுதான் குறித்திருந்தார்கள். அதிலிருந்து தெரிவது அவர்களது நம்பிக்கை மட்டுமே. மேற்பார்வையாளர் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று". படிவத்தின் கடைசியில் இருந்த காலி இடத்தில் ஒருவர் எழுதிய வரி மட்டும் பயன்பட்டது: திருத்தம் சொன்னால் செய்கிறார், தானாகத் திருத்துவதில்லை.

வேலைச்சுமை பற்றி ஒரு வார்த்தை. இதைச் செய்த ஆசிரியர்களுக்கு முதல் ஆண்டில் வகுப்பு நேரம் எதுவும் குறைக்கப்படவில்லை. இரண்டாம் ஆண்டில், ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் ஒரு பாடம் குறைந்தது. இப்படி நல்ல மனசை நம்பி ஓடும் ஏற்பாடு, அந்த ஒருங்கிணைப்பாளர் வேறு கல்லூரிக்குப் போகும் வரைதான் ஓடும். நிர்வாகங்கள் இதைத் தெரிந்துகொண்டேதான் விடுகின்றன.

அங்கீகாரக் குழுவுக்கு இந்த முறை போன அறிக்கை பதினோரு பக்கம். ஒரே விளைவு, தாழ்ந்த எண்கள், பழைய பிரீஃபும் புதிய பிரீஃபும் அடுத்தடுத்து, கோட்டில் நிற்கும் மூன்று படைப்புகள். முதல்வர் கடைசி வரை தயங்கினார், எண்களையாவது கொஞ்சம் மேலே தூக்கலாமே என்று. வந்த குழு அதிக நேரம் செலவிட்டது அந்த இரண்டு பிரீஃப்களின் பக்கத்தில்தான். பச்சைக் கட்டங்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு வேறொரு விளைவை எடுத்திருக்கிறார்கள்: தன் முடிவுக்கான காரணத்தைத் துறை தெரியாதவருக்கு விளக்குவது. "செய்து பார்த்துத் திருத்துவார்" உடனே மறுபடி அளக்கப்படாது. இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளைப் பழைய பணித்தாள்களில் முடித்தவர்கள். புதிய பணித்தாளில் முதலாண்டைத் தொடங்கிய வகுப்பு மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகு, அதே ரூப்ரிக், அதே மாதிரிப் பெட்டி, முடிந்தவரை அதே மதிப்பீட்டாளர்கள். அதுவரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, புதிதாகச் சேரும் ஆசிரியர்களின் பயிற்சிக்குத் தவிர.